புத்தூர்க்காரரின் பொந்தை

செவ்வாய், வியாழன், சனி. இந்த மூன்று நாளும் காலையில் நானும் நைனாவும், அதாவது என் அப்பாவும், நகரியில் திருப்பதி ரயில் ஏறுவோம். புத்தூரில் ஒருவரும் அவர் மனைவியும் ஏறுவார்கள். அந்த மனைவியை நான் அக்கா என்பேன். நைனாவுக்கும் அந்தக்காவுக்கும் ஒரே மருத்துவமனையில், ஒரே வார்டில், பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் டயாலிசிஸ். பெயர் சொல்லி யாரும் யாரையும் கூப்பிடாத வார்டு அது. நாங்கள் நகரிக்காரர்கள், அவர் புத்தூர்க்காரர். அவ்வளவுதான்.

அந்தக்காவை ஜன்னலோரம் உட்கார வைத்ததும் அவர் எழுந்துவிடுவார். இடம் காலியாக இருந்தாலும் உட்கார மாட்டார். கதவு வரைக்கும் போவார், வெளியே எட்டிப் பார்ப்பார், திரும்பி வருவார். பையை மேலே வைப்பார், கீழே இறக்குவார், தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடுவார். ரேணிகுண்டாவில் ரயில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், பிளாட்பாரத்தில் இறங்கி யாரையோ தேடுகிற மாதிரி நடப்பார். ரயில் நகர்ந்த பிறகுதான் ஓடிவந்து ஏறுவார். ஒவ்வொரு தடவையும் நான்தான் எழுந்து எட்டிப் பார்ப்பேன். அந்தக்கா திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

"அந்தாளு காலுல சக்கரம் கட்டிக்கினு பொறந்தவன்" என்பார் நைனா. தறி ஓட்டி ஓட்டி ஒரே இடத்தில் உட்கார்ந்து பழகிய மனுஷன் அவர். புத்தூர்க்காரரைப் பார்த்தாலே அவருக்குத் தலை சுற்றும்.

மாங்காய்த் தரகு அவர் தொழில். தோப்புத் தோப்பாகப் போய்ப் பிஞ்சிலேயே விலை பேசி முடிப்பவர். அந்தத் தொழிலின் பழக்கமோ என்னவோ, எதைப் பார்த்தாலும் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்திப் பார்ப்பார். ரயில் சீட்டை அழுத்துவார். டீக்கடையில் பன்னை அழுத்துவார். ஒருநாள் நைனாவின் வீங்கின காலை அழுத்திப் பார்த்துவிட்டு, "நேத்து தண்ணி ஜாஸ்தியா குட்ச்சிட்டியா நகரி?" என்றார். நைனாவுக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

டயாலிசிஸ் வார்டில் குளிர் எப்படி இருக்கும் என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. மேலே ஏசி. அது போதாதென்று, உடம்பிலிருந்து ரத்தம் குழாய் வழியாக மெஷினுக்குப் போய்ச் சில்லென்று திரும்பி வரும். நாலு மணி நேரம் அப்படியே படுத்திருக்க வேண்டும். நைனா பல்லைக் கடித்துக்கொண்டு தூங்கிவிடுவார். அந்தக்கா நடுங்குவார். கட்டில் ஆடுகிற அளவுக்கு நடுங்குவார். மருத்துவமனைக் கம்பளி அவர் தோலில் பட்டால் அரிப்பு எடுக்கும், தள்ளிவிடுவார். புத்தூர்க்காரர் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று அதைப் பார்ப்பார், காரிடாரின் கடைசி வரைக்கும் நடப்பார், திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். நர்ஸம்மா ஒருவர், "அன்னா, கொஞ்சம் கூர்ச்சோண்டி" என்று தெலுங்கில் உட்காரச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டார்.

ஒரு சனிக்கிழமை நைனாவிடம் வந்து நின்றார்.

"நகரி, உன் தறியில மெத்துனு துணி வருமா? நான் ஒரு பொந்த தைக்கப் போறன்."

பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வைக்கு எங்கள் பக்கம் பொந்தை என்றுதான் பெயர். "நீ தைப்பியா?" என்றார் நைனா.

"மெஷின் ஊட்ல கீது. அவ ஜாக்கெட் தச்சிக்கினு இருந்த மெஷினு. ஊசி போட்ட கையால இப்ப அவளால முடியாது. நான் தைக்கறன்."

நைனா வெள்ளைத் துணி கொடுத்தார். முதல் பொந்தைக்கு அவர் வைத்தது இலவம்பஞ்சு. தெரிந்தவர் தோப்பில் நான்கைந்து இலவமரம் இருந்ததாம், காய் பறித்து உடைத்து, கொட்டை நீக்கி, வெயிலில் போட்டு, எல்லாம் அவரே செய்தார். அடுத்த வாரம் ரயிலில் அதைக் குழந்தை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினார்.

"கைய உட்டுப் பாரு பாப்பா. உள்ள வெயிலு கீற மாதிரி இல்ல?"

இருந்தது. பறக்கிற மாதிரி லேசு, தொட்டதும் கதகதப்பு. ஆனால் வார்டில் அதைப் போர்த்தின கொஞ்ச நேரத்தில் தையல் ஓட்டை வழியாக வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மிதந்து வர ஆரம்பித்தது. அந்தக்கா இருமினார். பக்கத்தில் நைனா இருமினார். நர்ஸம்மா ஓடிவந்து அதைச் சுருட்டி வெளியே கொடுத்துவிட்டார். ரத்தக் குழாய் திறந்திருக்கிற இடத்தில் தூசி வரக்கூடாது, எந்தப் போர்வையாக இருந்தாலும் ஒவ்வொரு தடவையும் துவைத்துக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லிவிட்டார். புத்தூர்க்காரர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய்ப் போர் தண்ணீரில் துவைத்தார். இலவம்பஞ்சு தண்ணீர் பட்டதும் உருண்டை உருண்டையாகத் திரண்டுவிட்டது. "நெல்லிக்கா மூட்டையாட்டம் ஆயிப்போச்சி" என்று அந்தக்கா அடுத்த தடவை ரயிலில் சொன்னார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. புத்தூர்க்காரர் சிரிக்கவில்லை. அவர் மனசு அடுத்த பஞ்சுக்குப் போய்விட்டிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் சித்தூருக்குச் சின்னம்மா வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. எப்படியோ தெரிந்துகொண்டு அவரும் வந்துவிட்டார். "ஒரு பொம்பளப் புள்ள கூட இருந்தா கடக்காரன் நல்லதா எடுத்துக் காட்டுவான்" என்று என்னைப் பஞ்சுக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனார். கடைக்காரர் பருத்திப் பஞ்சைத் தகடு தகடாக எடுத்துப் போட்டார். இவர் ஒவ்வொன்றிலும் ஒரு துளி கிள்ளி இழுத்துப் பார்த்தார், முகர்ந்தார், கன்னத்தில் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார், கட்டைவிரலால் அழுத்திவிட்டு எவ்வளவு நேரத்தில் எழும்புகிறது என்று குனிந்து பார்த்தார். இது வேண்டாம், அது காட்டு, மேலே இருக்கிறதே அது. கடைக்காரர் ஏணியில் ஏறி இறங்கிக் களைத்துப்போய், "அன்னா, மீக்கு தூதி காவாலா, பெள்ளிக்கூதுரு காவாலா?" என்று கேட்டார். பஞ்சு வேண்டுமா, கல்யாணப் பெண் வேண்டுமா என்று. கடையில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது.

"பொண்ணு ஊட்ல கீதுப்பா. அதுக்குத்தான் தேடறன்" என்றார் இவர், தமிழில், சாதாரணமாக. கடைக்காரர் மறுபடி ஏணியில் ஏறினார்.

ஒருவழியாக நீள நார் உள்ள நல்ல பஞ்சு ஒன்றை வாங்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தோம். பஸ்ஸும் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்தவர், மூட்டையை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டு இறங்கிவிட்டார். "ரெண்டாவதா எடுத்துக் காட்டனானே, அதான் மேல்" என்று கடையைப் பார்த்து ஓடினார். நான் சின்னம்மா வீட்டுக்கு நடந்தேன். அந்த மனுஷனோடு ஒரு நாள் முழுக்க இருந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று தோன்றியது. அந்தக்கா எத்தனை வருஷமாக இருக்கிறார் என்றும் தோன்றியது.

பருத்திப் பொந்தை நன்றாகத்தான் வந்தது. தூசி இல்லை, அரிப்பு இல்லை. ஆனால் கனம். நீர் சேர்ந்த உடம்புக்கு மூச்சு விடுவதே பாடு, அதன் மேல் அது ஒரு பாறை மாதிரி கிடந்தது. அந்தக்கா ஊசி போடாத கையால் அதை நெஞ்சிலிருந்து மெதுவாகத் தள்ளித் தள்ளி இடுப்புக்குக் கொண்டுவந்துவிடுவார். இவர் உள்ளே வந்து மறுபடி கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டுப் போவார். அதற்குள் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. செவ்வாய்க்கிழமை துவைத்தது வியாழக்கிழமைக்குக் காயவில்லை. இரவெல்லாம் ஃபேன் போட்டும், அடுப்பு மேல் பிடித்தும் ஈரம் போகாமல், புகை நாற்றமும் பூஞ்சை நாற்றமுமாக ரயிலில் கொண்டுவந்தார். நர்ஸம்மா கதவிலேயே திருப்பிவிட்டார்.

அப்புறம்தான் ஃபைபர் பஞ்சு. திருப்பதியில் பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெத்தைக் கடையில் வாங்கியது. துவைக்கலாம், ஒரே வெயிலில் காய்ந்துவிடும், கனமே இல்லை. ஒரு அடுக்குப் போதும் என்று கடையில் சொன்னார்களாம். இவர் இரண்டு அடுக்கு வைத்துத் தைத்தார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை. அந்தக்கா நடுங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் கண் மூடித் தூங்கிவிட்டார். புத்தூர்க்காரரைக் கையில் பிடிக்க முடியவில்லை. காரிடாரில் இருந்த எல்லாரிடமும் போய், "தூங்கறா பாரு, தூங்கறா பாரு" என்று காட்டினார். கீழே போய் எங்கள் எல்லாருக்கும் டீ வாங்கி வந்தார். நான் டீயை வாயில் வைக்கும்போது உள்ளே மெஷின் கத்த ஆரம்பித்தது.

அந்தக்காவின் முகமெல்லாம் வேர்வை. கண் மேலே சொருகிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா பொந்தையைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்தார். ஒருவர் கட்டிலின் கால் பக்கத்தைத் தூக்கினார், ஒருவர் சலைன் ஏற்றினார், டாக்டர் வந்தார். நைனா தன் கட்டிலில் படுத்தபடியே, "அம்மா, அம்மா, இங்க பாருமா" என்று அந்தக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். புத்தூர்க்காரர் கண்ணாடிக்கு வெளியே டீத் தட்டோடு நின்றார். அப்போது மட்டும் அவர் அசையவே இல்லை.

கொஞ்ச நேரத்தில் அந்தக்கா கண் திறந்தார். டாக்டர் வெளியே வந்து இவரிடம் பொறுமையாகத்தான் சொன்னார். அந்தம்மாவுக்குப் பிரஷர் சட்டென்று இறங்குகிற உடம்பு, அதனால்தான் மெஷினில் குளிரைக் கொஞ்சம் கூடவே வைத்திருக்கிறோம். உடம்பு சூடேறினால் பிரஷர் விழும். நடுங்காமல் இருந்தால் போதும், அதற்கு மேல் சூடு ஆபத்து. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். டாக்டர் போன பிறகு என்னிடம், "நானே கொன்னுட்டு இருப்பன் இல்ல பாப்பா?" என்று கேட்டார். நான் அவர் கையிலிருந்த டீத் தட்டை வாங்கிக் கீழே வைத்தேன்.

வியாழக்கிழமை புத்தூரில் அவர் மட்டும் ஏறினார்.

"வரமாட்டன்றா. இனிமே எப்பவும் வரமாட்டாளாம்."

நைனா அவரையே பார்த்தார். டயாலிசிஸ் நின்றால் என்ன ஆகும் என்று அந்த ரயிலில் எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். "நீ எதுக்கு வந்த அப்ப?" என்றார் நைனா.  கிளம்புகிற நாள், கிளம்பிவிட்டார், அவ்வளவுதான். திருப்பதி வரைக்கும் எங்களோடு வந்தார், வார்டு வாசலில் நடந்தார், எங்களோடேயே திரும்பினார்.

டயாலிசிஸ் முடிந்தால் நைனாவுக்கு நிற்கக்கூடத் தெம்பு இருக்காது. அன்றைக்குப் புத்தூர் வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "எறங்கு. அந்தம்மாவ பாத்துட்டுப் போலாம்."

அவர்கள் வீட்டுக்குள் நுழைந்தால் கால் வைக்க இடமில்லை. கூடம் முழுக்கப் பஞ்சு. பிரித்துப் போட்ட பொந்தைகள், சுருட்டி வைத்த ஃபைபர், மூட்டைப் பருத்தி, தையல் மெஷின் மேல் பாதி தைத்தது ஒன்று. நடுவில் பிளாஸ்டிக் நாற்காலியில் அந்தக்கா. முகம் ஊதியிருந்தது. மூச்சு இழுத்து இழுத்துப் பேசினார்.

"வா பாப்பா. பஞ்சு மண்டி பாக்க வந்தியா?"

நைனாவை அங்கிருந்த கட்டிலில் படுக்க வைத்தேன். அவர் நேரடியாகக் கேட்டார். "ஏம்மா வரல? பயந்துட்டியா?"

"பயம் இல்லண்ணா. சலிச்சிப் போச்சி. அங்க போனா நான் குளுருல கெடக்கறன், இந்தாளு வாசல்ல நடக்கறான். ஊட்டுக்கு வந்தா பஞ்சு. துன்ற சோத்துல பஞ்சு. வாரத்துக்கு ஒரு பொந்த. ஒரே ஒரு நாளு, உனுக்கு எங்கடி குளுருது, எப்டி கீதுன்னு என்ன கேட்டானா?"

"உனுக்காகத்தான அலையறன்" என்றார் இவர், கதவருகே நின்றபடி.

"எனுக்காக! உன் கட்டவெரலுக்கு எது நல்லா கீதோ அத்த வாங்கியாந்து என் மேல போட்ட. என் ஒடம்ப எவன் கேட்டான்?"

 நைனா கூரையைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னார்: "எனுக்கு குளுரு காலுலதாம்மா. நெஞ்சுல இல்ல."

"எனுக்கும்தாண்ணா!" அந்தக்கா அவர் பக்கம் திரும்பிவிட்டார். "பாதம் ரெண்டும் ஐசாட்டம் ஆவுது. மேல ஒண்ணும் வேணாம், மூச்சு முட்டுது. இந்தாளு கழுத்து வரிக்கும் இழுத்து மூடறான். ஊசி போட்ட கைய மூடனா நர்ஸம்மா வந்து தெறக்கறா. அந்த ஓட்டைல குளுரு உள்ள பூருது."

புத்தூர்க்காரர் மனைவியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு வந்து அவர் காலடியில் தரையில் உட்கார்ந்தார்.

"இப்ப சொல்லு. எது?"

"எது இன்னா எது?"

"கீறதெல்லாம் போட்டுக் காட்டறன். நீ சொல்லு."

ஒவ்வொரு பஞ்சாக எடுத்துத் துணிக்கு நடுவில் வைத்து அவர் பாதத்தின் மேல் போட்டார். அந்தக்கா முதலில் முறைத்துக்கொண்டிருந்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். பருத்தித் தகட்டுக்கு, "கனம், வேணாம்." இரண்டு அடுக்கு ஃபைபருக்கு, "எரியுது, எடு." ஒற்றை அடுக்கு ஃபைபரைப் போட்டபோது ஒன்றும் சொல்லவில்லை. இவர் எடுக்கப் போனார். "இரு" என்றார்.  "கால்ல இது. மொழங்கால் வரிக்கும் போதும்." இடுப்புக்குப் பருத்தியை மெலிசாக உரித்துப் போடச் சொன்னார், அப்பளம் மாதிரி. நெஞ்சுக்கு வெறும் துணி. இடது பக்கம் தோளிலிருந்து கை வெளியே வருகிற மாதிரி வெட்டி, ஓரத்தைக் குளிர் புகாமல் மடித்துத் தைக்க வேண்டும். இவர் சாக்பீஸால் துணியில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். நடுவில் ஒரு தடவை, "மார்ல லேசா வெச்சா இன்னா..." என்று ஆரம்பித்தார்.

"பாத்தியாண்ணா?" என்றார் அந்தக்கா நைனாவிடம்.

"இல்ல, இல்ல. வெக்கல" என்று கோட்டை அழித்தார்.

நாங்கள் கிளம்பும்போது அந்தக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். கை வீங்கிச் சில்லென்று இருந்தது. "நாளைக்கு எடம் கீதான்னு போன் போட்டுக் கேளு பாப்பா. சனிக்கெழம வரிக்கும் தாங்காது போல கீது."

வெள்ளிக்கிழமை ஒரு இடம் கிடைத்தது. புதுப் பொந்தை அன்றைக்குத் தயாராகவில்லை, மருத்துவமனைக் கம்பளியை அரிப்போடு காலில் மட்டும் போட்டுக்கொண்டு படுத்திருந்தாராம். அடுத்த செவ்வாய்க்கிழமை பொந்தை வந்தது. பார்க்க ஒரு லட்சணமும் இல்லை. கால் பக்கம் உப்பி, நடுவில் தட்டையாகி, மேலே வெறும் வேட்டி மாதிரி, ஒரு பக்கம் கடித்து எடுத்த மாதிரி வெட்டு. ஆனால் கட்டில் ஆடவில்லை. பிரஷரும் விழவில்லை. நர்ஸம்மா கையைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், அடுத்த கட்டிலுக்குப் போனார். ஒன்று காயும்போது இன்னொன்று இருக்க வேண்டுமென்று அதே மாதிரி இரண்டாவதும் தைத்தார். நைனாவுக்கும் ஒன்று. அதைத் தைப்பதற்கு முன்னால் நைனாவைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து ஒவ்வொரு பஞ்சாகக் காலில் போட்டு, "சொல்லு நகரி, எது? நான் சொல்ல மாட்டன்" என்று கேட்டார்.

அதற்காக அவர் மாறிவிட்டார் என்று நினைக்க வேண்டாம். ரயிலில் அதே நடை, ரேணிகுண்டாவில் அதே ஓட்டம். மழைக்காலம் முடிந்து மாமரம் பூத்ததும் அவர் அலைச்சல் இரண்டு மடங்காகியது. அந்தக்காவை வார்டில் விட்டுவிட்டு, முடிவதற்குள் திரும்பிவிடலாம் என்று ஏதாவது தோப்புக்கு ஓடுவார். மூச்சு வாங்க வந்து நிற்பார். "உன் ஒடம்ப எவன் பாக்கறது?" என்று நைனா ஒருநாள் திட்டினார். "எனுக்கு இன்னா, நான் நல்லா கீறன்" என்றார்.

காய் இறங்குகிற சமயம். பிச்சாட்டூர் பக்கம் ஒரு தோப்பில், கூடைகளை எண்ணிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு ஒரு மரத்தில் சாய்ந்தாராம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. செய்தி வந்தபோது நைனா நம்பவில்லை. "அந்தம்மாவா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். "இல்ல நைனா, அவரு" என்று நானும் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

நாங்கள் போனபோது அவரைக் கூடத்தில் படுக்க வைத்திருந்தார்கள். அந்தக்கா அழவில்லை. வந்தவர்களையெல்லாம் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் ரயில் புத்தூரில் நின்றது. நான் ஜன்னல் வழியாகச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்தில் அந்தக்கா தனியாக, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பையை வாங்கினேன். உள்ளே பொந்தை.

"காரியம்கூட ஆவல, வாசப்படி தாண்டக்கூடாதுன்னு எல்லாரும் மறிச்சாங்க" என்றார் உட்கார்ந்ததும். மூச்சு வாங்கியது. "எம்மா தூரம் ஓடனான் அந்தாளு. நான் இன்னிக்கிப் போவலன்னா அவன் ஓடனதெல்லாம் வீணாப் போவும், வழி உடுங்கடீன்னேன்."

நைனா நகர்ந்து உட்கார்ந்து அவருக்கு இடம் விட்டார். 

வார்டில் அன்றைக்குப் புது நர்ஸ் ஒருத்தி. சின்னப் பெண். ஊசி போடுவதற்கு முன்னால் அந்தக்காவிடம், கூட வந்திருப்பது யார் என்று தெலுங்கில் கேட்டாள். யாராவது கூட இல்லாமல் மெஷினைப் போட மாட்டார்கள்.  வீட்டில் அத்தனை பேர் நடுவில் வராத அழுகை அந்தக்காவுக்கு அப்போதுதான் வந்தது.  அந்தப் பெண் பயந்துபோய் ஒரு அடி பின்வாங்கினாள்.

"நேனே" என்றேன். நான்தான். "ரெண்டு பேருக்கும் நான்தான்."

பொந்தையை எடுத்து விரித்தேன். அந்தக்கா அழுதுகொண்டே, கால் பக்கம் எது என்று கையால் காட்டினார்.